கலாநிதியைத்தான் எடுப்பினமாம்

தொழில்நுட்ப வேலைக்கு ஆள் எடுக்கிற விசயத்தில் இப்ப இரண்டு கதை ஓடித் திரியுது. முதலாவது, வேலை விளம்பரங்களில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, தரவு விஞ்ஞானம் எண்டு வாற பதவிகளுக்குக் கீழே "கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை" எண்டொரு வரி. அந்தக் கலாநிதி எதில் ஆய்வு செய்திருக்க வேணும், என்ன செய்து காட்டியிருக்க வேணும் எண்டதுக்கு ஒரு சொல்லும் கிடையாது. இரண்டாவது கதை யூரியூபில் இருக்கிறது. மைக்கைக் கொழுவிக்கொண்டு ஒராள் வந்து "பட்டமெல்லாம் வேஸ்ற் மச்சான், ஸ்கில் இருந்தாக் காணும், கூகிள் தொடங்கினவங்களே படிப்பை விட்டிட்டு வந்தவங்கள்தான்" எண்டு சொல்லிப்போட்டு, தன்ர ஆறு மாதக் கோர்ஸை விக்கிறார்.

இரண்டும் பொய். ஆனால் எங்களுக்கு முதலாவதில்தான் கோபம் கூட. யூரியூப்காரரால் ஒருத்தற்ற சிவியைத் தூக்கி எறிய ஏலாது. விளம்பரத்தில் அந்த வரியை எழுதினவரால் ஏலும்.

கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு உதில என்ன அலுவல் எண்டு கேப்பீங்கள். எங்களுக்குத்தான் அலுவல் கூட. பட்டத்தின் பெறுமதியைப் பற்றி இந்த நாட்டில் யார் கதைக்கத் தொடங்கினாலும் முதல் அடி விழுகிறது கலைப்பீடத்தின் முதுகில். "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்" எண்ட கேள்வியை இசட் ஸ்கோர் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறம். ஒரு பட்டம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது எண்டு யோசிக்கிறதில் எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கு.

பொருளியல் படிக்கிற ஆக்களுக்கு மைக்கல் ஸ்பென்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1973 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையும் அதைத் தொடர்ந்த வேலைகளும்தான் 2001 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்கக் காரணம். விசயம் இதுதான்: வேலைக்கு எடுக்கிறவருக்கு முன்னால நிற்கிற ஆளின் திறமை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவர் ஒரு சமிக்ஞையைத் தேடுவார். படிப்பு அப்படியான ஒரு சமிக்ஞை. படிப்பு உங்களுக்கு ஒரு திறமையையும் கூட்டித் தராவிட்டாலும், திறமையான ஆளுக்கு அதை முடிக்கிறது லேசு, மற்ற ஆளுக்குக் கஷ்டம் எண்டால், முடித்தவரைப் பார்த்து "இவர் திறமைசாலி" எண்டு ஊகிக்கலாம்.

வடிவான கோட்பாடுதான். ஆனால் கலாநிதிப் பட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கோ. ஐந்தாறு வருசம் சின்னச் சம்பளத்தில், சிலவேளை சம்பளமே இல்லாமல், வீட்டுக்குக் காசு அனுப்பாமல் ஒராளால் இருக்க முடியுமா இல்லையா எண்டதை எது தீர்மானிக்குது? மூளை கொஞ்சம். அப்பாவின் பென்சன், அக்காவின் கலியாணக் கடன், விசா, ஆங்கிலம் கதைத்து வளர்ந்த வீடு எல்லாம் சேர்ந்து மிச்சம். அந்தச் சமிக்ஞையில் திறமையும் தெரியும், காத்திருக்க வசதி இருந்ததும் தெரியும். எது எவ்வளவு எண்டு பிரிச்செடுக்க விளம்பரம் எழுதினவருக்கு ஒரு வழியும் இல்லை. அவர் பிரிக்க முயற்சிக்கிறதுமில்லை.

இனி யப்பானுக்குப் போவம். இந்தச் சண்டையில் நாங்கள் அறிந்த மிகச் சிறந்த சாட்சி அங்கேதான் இருக்கிறார்.

ஷுஜி நகமுரா 1979 இல் தொகுஷிமா பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்தோடு நிச்சியா என்ற கொம்பனிக்கு வேலைக்குப் போனவர். டோக்கியோவிலிருந்து தூர, ஷிகொக்கு தீவில் இருந்த, பிரதானமாக ஒளிர்பொருள் தயாரித்த கொம்பனி. பத்து வருசம் அங்கே குறைகடத்திகளோடு மல்லுக்கட்டினார். செய்த பொருட்கள் பெரிதாக விற்கவில்லை. 1988 இல் ஒரு வருசத்துக்கு அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு, மெல்லிய படிகப் படலங்களை வளர்க்கிற முறையைப் பழக அனுப்பப்பட்டார். அங்கே இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி கலாநிதிப் பட்டம் இருக்கா எண்டது. இல்லை. ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறீரா? அதுவும் இல்லை, கொம்பனி விடேல்ல. அவ்வளவுதான், ஆள் ரெக்னீசியன். தன்னை அப்படித்தான் நடத்தினார்கள் எண்டு நகமுராவே பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த வருசத்தின் பெரும்பகுதி கருவியைப் பூட்டுகிற வேலையில் போனது.

அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. எப்படியாவது கலாநிதிப் பட்டம் எடுக்க வேணும் எண்டு முடிவெடுத்தார். அந்தக் காலத்தில் யப்பானில் பல்கலைக்கழகத்தில் போய் இருந்து படிக்காமலே, ஐந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு அவற்றை வைத்துப் பட்டம் கேட்கிற வழி ஒன்று இருந்தது. இங்கேதான் கதை சுவாரசியமாகுது. நீல ஒளி தருகிற எல்ஈடி ஒன்றைச் செய்ய உலகம் முழுக்க முயன்றுகொண்டிருந்தது. சிவப்பு 1962 இலேயே வந்துவிட்டது, பச்சையும் வந்தது, நீலம் மட்டும் வசப்படவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் இல்லை. பெரிய ஆய்வுகூடங்களில் பெரும்பாலானவை சிங்க் செலனைட் என்ற பொருளின் பின்னால் நின்றன. காலியம் நைத்திரைட்டில் வேலை செய்தவர்கள் மிகச் சிலர், ஏனெண்டால் அதில் நல்ல படிகம் வளர்க்க ஏலாது எண்டது பொது நம்பிக்கை. நகமுரா காலியம் நைத்திரைட்டைத் தெரிந்ததுக்கு அவரே சொன்ன காரணம்: ஆக்கள் குறைவு, ஆகவே கட்டுரை வெளியிடுவது லேசு, ஐந்து கட்டுரை தேறும். நீல எல்ஈடி செய்து முடிப்பன் எண்ட நம்பிக்கை அப்போது தனக்கு இருக்கவில்லை எண்டும் சொல்லியிருக்கிறார்.

பட்டத்துக்காகத்தான் அந்தப் பாதையில் இறங்கினார். 1993 இல் நிச்சியா பிரகாசமான நீல எல்ஈடியை அறிவித்தது. நகமுராவுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது 1994 இல். வெளிச்சம் முதல், பட்டம் பிறகு. 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல்.

இந்தக் கதையை "பட்டம் வேஸ்ற்" கூட்டம் தூக்கிக்கொண்டு ஓட முதல் மிச்சத்தையும் கேக்கட்டும். அந்தப் பரிசை அவர் இரண்டு பேரோடு பகிர்ந்தார்: இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ. அகசாகி நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமனோ அவரிடம் ஆய்வு செய்த மாணவர், 1985 இல் மாணவராக இருந்தபோதே காலியம் நைத்திரைட்டில் முதல் நல்ல படிகத்தை வளர்த்தவர். நகமுராவின் வேலை அவர்கள் திறந்துவிட்ட வாசலால்தான் உள்ளே போனது. ஒரே கண்டுபிடிப்பு. ஒரு பக்கம் ஒரு பேராசிரியரும் அவரிட்டப் படித்த மாணவனும் வருசக்கணக்காகச் செய்த பொறுமையான பல்கலைக்கழக ஆய்வு. மறுபக்கம் ரெக்னீசியன் எண்டு ஒதுக்கப்பட்ட ஒரு கொம்பனி ஊழியர். "கலாநிதி மட்டும்" எண்ட சல்லடையை 1988 இல் பிடித்திருந்தால் நகமுரா கீழே விழுந்திருப்பார். "ஆய்வெல்லாம் நேர விரயம்" எண்டு அமனோவை வேலைக்குக் கலைத்திருந்தால் நகமுராவுக்கு ஏறி நிற்க ஒரு படி இருந்திராது.

இன்னொரு யப்பானியர், சுருக்கமாகச் சொல்லுறம். கொய்ச்சி தனகா. 1983 இல் தொஹொகு பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலில் இளமாணி முடித்துவிட்டு ஷிமாட்சு கொம்பனியில் சேர்ந்தார். புரதம் மாதிரியான பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் அவற்றின் திணிவை அளக்க வழி தேடிய குழு. ஒருநாள் உலோகத் தூளோடு தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். தூள் விலை கூடியது, எறிய மனமில்லாமல் அதையே பரிசோதித்துப் பார்த்தார். 2002 இல் இரசாயனவியல் நோபல். அப்போதும் அவரிடம் இருந்தது இளமாணிப் பட்டம் மட்டும்தான். அதுக்குப் பிறகு அவர் படித்த பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. மின் பொறியியல் படித்த ஒராளை இரசாயன வேலைக்கு எடுத்த அந்தக் கொம்பனியில் எங்களுக்குப் பெரிய மரியாதை. எங்கட ஊரில் எண்டால் "உங்கட துறை பொருந்தேல்ல" எண்டு இன்ரர்வியூ அறை வாசலோட அனுப்பியிருப்பினம்.

சரி, கூகிள் கதைக்கு வருவம். லரி பேஜும் சேர்ஜி பிரினும் படிப்பை விட்டவர்கள்தான். எந்தப் படிப்பை? ஸ்டான்போர்டில் கணினி விஞ்ஞானக் கலாநிதி ஆய்வை. இணையப் பக்கங்களை இணைப்புகளால் தரப்படுத்துகிற அந்த முறை அவர்களுடைய ஆய்வில் பிறந்தது. அதுக்கு அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான மன்றத்தின் காசும் போயிருக்கு. 1998 இல் தேடுபொறியின் அமைப்பை விளக்கி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். பிறகு கூகிளின் அடிப்படைத் தொழில்நுட்பத்தைக் கட்டியவர்களில் முக்கியமான ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இரண்டு பேரும் கலாநிதிகள். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள்ள இருந்து எழும்பி வந்ததை "படிப்பு வேண்டாம் எண்டதுக்கு உதாரணம்" எண்டு விக்கிறதுக்குத் தனித் துணிவு வேணும்.

இதுக்கு நேரெதிராக இன்னொன்றும் சொல்லவேணும், ஏனெண்டால் அதே கூகிளிலதான் நடந்தது. இண்டைக்கு சட்ஜிபிடி தொடங்கி எல்லாத்துக்கும் அத்திவாரமான டிரான்ஸ்ஃபோமர் கட்டுரை 2017 இல் வந்தது. எழுதியது எட்டுப் பேர். கலாநிதிகளும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவரான எய்டன் கோமஸ் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இளமாணி படித்துக்கொண்டே பயிற்சி ஊழியராக வந்தவர். எங்கட வயசுதான். இண்டைக்கு அந்தத் துறையின் பெயரில் விளம்பரம் போடுகிறவர்கள், அந்தத் துறையைக் கட்டியவர்களிலேயே சிலரை நேர்முகத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

அப்ப கலாநிதி ஆய்வு ஒருத்தருக்கு என்னதான் குடுக்குது? எங்கட அபிப்பிராயம்: விடை இருக்கா எண்டே தெரியாத கேள்வியோட வருசக்கணக்கா இருக்கப் பழக்குது. முதல் ஆக்கள் என்ன செய்தவை எண்டு முழுக்க வாசிக்கவும், தன்ர முடிவைத் தானே சந்தேகிக்கவும் பழக்குது. ஜெஃப்ரி ஹின்ரன் 1978 இல் எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். நரம்பு வலையமைப்பு எண்ட யோசனையைப் பலரும் கைவிட்ட காலத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு மாணவர்கள் அவரோடு சேர்ந்து 2012 இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்ற எல்லாரையும் பின்தள்ளினார்கள். 2024 இல் அவருக்கும் நோபல். ஒரு கொம்பனியின் மூன்று மாத இலக்குகளுக்குள்ள அந்தப் பிடிவாதம் தப்பியிருக்குமா? எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அப்படியான வேலைக்கு ஆள் தேடினால் ஆய்வு செய்தவரைத் தேடுங்கோ, நியாயம். பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலையும் அப்படித்தான். (எங்கட லெக்சரர்மார் இதை வாசிச்சா நிம்மதியா இருக்கலாம்.)

ஆனால் விளம்பரம் வாற வேலைகளில் பாதி என்ன வேலை? வங்கி ஒன்றின் தரவைத் துப்பரவாக்குறது. இன்னொருத்தர் எழுதின கோடை வாசித்துப் பிழை பிடிக்கிறது. ஏற்கெனவே ஆரோ செய்து வைச்ச மாதிரியை எடுத்து வாடிக்கையாளருக்கு ஏத்த மாதிரிப் பொருத்துறது. இதெல்லாம் சின்ன வேலை இல்லை, ஆனால் இதுக்கு வேற திறமை வேணும். இதுக்கு ஏன் கலாநிதி? கொம்பனியின் இணையப் பக்கத்தில் "எங்களிடம் இத்தனை கலாநிதிகள்" எண்டு போடலாம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டலாம். வேற காரணம் எங்களுக்குப் படேல்ல. இதன் மறுபக்கமும் இருக்கு. உண்மையிலேயே ஆய்வு முடித்து நாட்டுக்குத் திரும்பி வாற ஒராளிடம் "நீங்கள் ஓவர் குவாலிஃபைட்" எண்டு கதவடைக்கிறதும் இதே சோம்பல்தான். இரண்டு இடத்திலும் ஆள் என்ன செய்தவர் எண்டு ஒருத்தரும் வாசிக்கேல்ல.

எங்கட நாட்டுக்கு இந்த வருத்தம் பழசு. ரொனால்ட் டோர் என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் 1976 இல் "தி டிப்ளோமா டிசீஸ்" எண்டொரு புத்தகம் எழுதினார். சான்றிதழ் நோய் எண்டு தமிழில் சொல்லலாம். அவர் ஆராய எடுத்த நாடுகள் நான்கு: இங்கிலாந்து, யப்பான், இலங்கை, கென்யா. பிந்தி அபிவிருத்தி அடையத் தொடங்குகிற நாடுகளில்தான் சான்றிதழுக்கான ஓட்டம் கூடுது எண்டது அவருடைய வாதம். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கூடக் கூட, வேலை மாறாமலே கேட்கிற தகைமை ஏறிக்கொண்டு போகும். படிப்பு அறிவுக்கு இல்லாமல் அடுத்த சோதனைக்கு எண்டாகும். ஐம்பது வருசமாகப்போகுது. சாதாரண தரம் போய் உயர்தரம் வந்தது, உயர்தரம் போய்ப் பட்டம், இப்ப பட்டம் போய்க் கலாநிதி.

அந்த நோய் எவ்வளவு தூரம் ஏறியிருக்கு எண்டதுக்கு 2024 டிசம்பரைப் பாருங்கோ. சபாநாயகர் அசோக ரன்வல, தன்னுடைய கலாநிதிப் பட்டம் பற்றிக் கேள்வி எழுந்து, அதுக்கான ஆவணங்களை உடனே காட்ட முடியாமல், பதவியேற்று ஒரு மாதம் ஆக முதல் விலகினார். சபாநாயகர் வேலைக்குக் கலாநிதிப் பட்டம் தேவையே இல்லை, எந்தச் சட்டமும் கேட்கவில்லை. தேவையில்லாத இடத்திலும் பெயருக்கு முன்னால அது நிற்கவேணும் எண்ட எதிர்பார்ப்பை வளர்த்தது இந்தச் சமூகம்தான். கோயில் அழைப்பிதழிலும் "கலாநிதி" எண்டு போட்டாத்தானே எங்கட ஆக்களுக்குத் திருப்தி.

இதே நாட்டில் வேறொன்றும் நடந்திருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களைத் தேட, முகாம்களைப் பதிய, நிவாரணத்தைப் பங்கிட மென்பொருள் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. இலங்கை மென்பொருள் துறையிலிருந்த தன்னார்வலர்கள் சேர்ந்து சில நாட்களிலேயே எழுதத் தொடங்கினார்கள். சஹானா எண்டு பெயர். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் அது போனது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குக் கொடுத்தது. அந்த நாட்களில் தன்னார்வலரின் தகைமைப் பட்டியலைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டு நிற்க ஆருக்கு நேரம் இருந்திருக்கும்? கோட் ஓடுதா இல்லையா எண்டதுதான் சோதனை.

சல்லடையில் ஆர் விழுகினம் எண்டதையும் சொல்லத்தான் வேணும். எங்களோட உயர்தரத்தில் கணிதம் செய்து பொறியியல் பீடத்துக்குப் போன பெட்டையள் இருக்கினம். கெட்டிக்காரியள். மேல ஆய்வு செய்யப் போறன் எண்டு வீட்டில வாய் திறந்தால் வாற கணக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும்: "முடிக்கேக்க முப்பது தாண்டியிடும், பேந்து ஆர் கட்டுறது?" தம்பிக்கு இந்தக் கணக்கு இல்லை. தோட்டத்திலிருந்து குடும்பத்தில் முதலாவதாகக் கம்பஸுக்கு வந்த பெடியனுக்கு வேற கணக்கு, இறுதி வருசம் முடிந்த அடுத்த மாதமே சம்பளம் வேணும். "கலாநிதிகளுக்கு முன்னுரிமை" எண்டு எழுதுகிறவர் இவர்களை மனதில் வைத்து எழுதவில்லை, சரி. எண்ணம் கெட்டதா எண்டு நாங்கள் கேக்கேல்ல.

அமெரிக்க உயர் நீதிமன்றமும் அதைக் கேட்கவில்லை. 1971 இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் எண்டொரு வழக்கு. வட கரோலினாவில் ஒரு மின் நிறுவனம், நல்ல சம்பளப் பிரிவுகளுக்குப் போக உயர்பாடசாலைச் சான்றிதழ் வேணும் எண்டது. கறுப்பினத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அதில்லாதவர்கள், கீழ்ப்பிரிவிலேயே முடங்கினார்கள். சான்றிதழ் இல்லாமல் முன்பே அந்த வேலைக்குப் போன வெள்ளையர்கள் அதை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தார்கள். நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: ஒரு கூட்டத்தை வெளியே தள்ளுகிற தகைமையைக் கேட்டால், அது அந்த வேலையைச் செய்யத் தேவையானது எண்டு நீங்கள்தான் காட்டவேணும். அங்கே கேட்டது பள்ளிக்கூடச் சான்றிதழ். இங்கே கேட்கிறது கலாநிதி.

"ஐந்நூறு விண்ணப்பம் வருது, எப்பிடித் தெரியிறது?" எண்டு மனிதவளப் பிரிவில் இருக்கிற அண்ணாமார் அக்காமார் கேப்பினம். நேர்மையான கேள்வி. ஐந்நூறையும் வாசிக்க ஏலாது எண்டது உண்மை. அதுக்காக ஒரு கிழமை ஓசியில் வேலை வாங்குகிற "அசைன்மன்ற்" அனுப்பாதேங்கோ, அது வேற கொள்ளை. வேலை என்ன எண்டு விளம்பரத்தில் ஒழுங்கா எழுதினாலே பாதிப்பேர் தாங்களாக விலகுவினம். தமிழில், சிங்களத்தில் குரலை எழுத்தாக்குகிற மாதிரி செய்யப் போறீங்களா? "இந்தத் துறையில் ஆய்வு செய்து வெளியிட்டவர், அல்லது இப்படியான ஒன்றைச் செய்து ஓடவிட்டவர், அதைக் காட்டவும்" எண்டு எழுதுங்கோ. கலாநிதி ஆய்வும் அதுக்குள்ள அடங்கும், மாத்தளையில் அறைக்குள்ள இருந்து இரவிரவாகச் செய்து கித்ஹப்பில் போட்டதும் அடங்கும். பிறகு வந்ததில் இருபது பேரைக் கூப்பிட்டு, ஒரு மணித்தியாலம், அவர்கள் செய்ததைப் பற்றியே கேளுங்கோ. எங்க பிழைச்சது, எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள், திரும்பச் செய்தா எதை மாத்துவீங்கள். கலாநிதியையும் அதே கதிரையில் இருத்தி அதே கேள்வியைக் கேளுங்கோ. ஆய்வை உண்மையாச் செய்தவர் எண்டா, நீங்கள் நேரம் முடிஞ்சுது எண்டு சொன்னாலும் அவர் நிப்பாட்ட மாட்டார்.